கடலடிக் கம்பியும் கணினித் திரையும்

ஓரிடத்தில் இருந்துகொண்டே மற்றோரிடத்தில் செயலாற்ற வேண்டும் என்பது மனித இனத்தின் நெடுநாள் வேட்கை. அரசர்கள் ஓலையைத் தூதர் கையில் கொடுத்தனுப்பினர். நாகப்பட்டினத்து வணிகர்கள் தம் ஆள்களைக் கணக்கேடுகளோடு கப்பலேற்றினர். ஓலை போய்ச் சேரும் வரையிலும், ஆள் கரையிறங்கும் வரையிலும் அனுப்பியவரின் கை கட்டுண்டே இருந்தது. இடையில் கிடந்த கடலும் காலமும் அவரை மீறிய ஆற்றல்களாக விளங்கின.

இன்று அந்நிலை மாறிவிட்டது. ஜார்ஜ் டவுனில் ஒருவர் தம் வீட்டு மேசையின்முன் அமர்ந்து, கோலாலம்பூர் அலுவலகத்தில் பூட்டிய அறைக்குள் இருக்கும் கணினியை இயக்க முடிகிறது. இவர் சுட்டியை நகர்த்த, அங்கே அம்புக்குறி நகர்கிறது. இவர் விசையைத் தட்ட, அங்கே எழுத்து விழுகிறது. இதனினும் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. இவர் மேசையில் இருப்பது ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினி. அங்கிருப்பதோ விண்டோஸ் கணினி. ஒன்றற்காக எழுதப்பட்ட செயலி மற்றதில் ஓடாது. ஒன்றன் இயங்குதளம் மற்றதன் இயங்குதளத்தை அறியாது. அங்ஙனமிருந்தும் ஒன்றன் ஏவலை மற்றொன்று கேட்கிறது.

மொழி வேறுபட்ட இரு பொறிகள் ஒன்றன் சொல்லை மற்றொன்று உணர்வது எங்ஙனம்? அவ்வாறு உணரும்போது ஆளும் உரிமை யார் கையில் இருக்கிறது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண, கணினி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே பினாங்குக் கரையில் வந்தேறிய ஒரு கம்பியிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

கடலடியில் வந்த கட்டளை

1786-இல் பிரான்சிஸ் லைட் ஆங்கிலக் கொடியேற்றிய பினாங்கு, 1826-இல் மலாக்காவுடனும் சிங்கப்பூருடனும் சேர்க்கப்பட்டு நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாயிற்று. 1867-இல் அக்குடியேற்றங்கள் இந்திய ஆட்சியினின்று பிரிக்கப்பட்டு, இலண்டனிலிருந்த குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் நேர்ப் பொறுப்பில் வைக்கப்பெற்றன. ஆயினும், இலண்டன் எழுதும் கடிதம் இங்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆயிற்று. மறுமொழி திரும்பிச் செல்ல மேலும் அத்துணைக் காலம் பிடித்தது. இந்த இடைவெளியில் இங்கிருந்த அதிகாரி தாமே முடிவெடுத்தார். பிறகே மேலிடத்துக்கு அறிவித்தார்.

இந்நிலையை மாற்றியது 1870-இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் கடலடியில் இடப்பட்ட தந்திக் கம்பி. அடுத்த ஆண்டு அது ஹாங்காங்கை எட்டியது. பின்னர் சாவகத்தின் வழியாக ஆஸ்திரேலியாவையும் தொட்டது. இக்கம்பியின் செம்பு நரம்பை உப்புநீர் தீண்டாமல் காத்தது கட்டாபெர்ச்சா என்னும் பால்பிசின். மலாய்க் காடுகளில் வளரும் தாபான் மரத்திலிருந்து எடுக்கப்பட்ட பொருள் அது. அதன் சிறப்பைச் சிங்கப்பூரிலிருந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1840களில் மேலை நாட்டார்க்கு அறிமுகப்படுத்தினார். உலகத்தின் கடல்களையெல்லாம் கம்பியால் கட்டிய பேரரசு, அக்கட்டுக்கு வேண்டிய பிசினை இந்த வட்டாரத்து மரங்களை வெட்டிச் சாய்த்தே பெற்றது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நெடுந்தொலைவு கடந்துவரும் மின்குறி மிக மெலிந்தே வந்து சேர்ந்தது. வில்லியம் தாம்சன் என்னும் அறிஞர் அமைத்த கருவியில் ஒரு சிறு கண்ணாடி அசைய, அதனால் எறியப்பட்ட ஒளிப்புள்ளி இடமும் வலமும் விலகியது. அவ்விலக்கத்தைப் பார்த்துப் பணியாளர் எழுத்தெழுத்தாகக் குறித்துக்கொண்டார். இடைநிலையங்களில் வந்த செய்தியைப் படித்து, மீண்டும் கையால் அடித்து, அடுத்த நிலையத்துக்கு அனுப்பினர். கட்டளை இப்போது நாள்கணக்கில் அன்றி மணிக்கணக்கில் வந்தது. ஈயத்தின் இலண்டன் விலையைப் பினாங்கு வணிகர் விரைந்து அறிந்தனர். அதே வேளையில், தாமே முடிவெடுத்து வந்த அதிகாரிகள் கம்பியின் மறுமுனைக்குக் காத்திருப்பவர்களாயினர். தொலைவு குறையக் குறைய, தொலைவில் இருந்தவனின் தன்னுரிமையும் குறைந்தது.

தந்தியின் இயல்பில் ஈண்டு கருத வேண்டிய செய்தி இரண்டு உள. முதலாவது, இரு முனையில் இருப்பவரும் ஒரே குறியீட்டை ஒப்புக்கொண்டிருந்தால்தான் செய்தி விளங்கும். வணிகர்கள் செலவைக் குறைக்க ஒரு நீண்ட தொடரை ஒரே சொல்லில் அடக்கும் குறியீட்டு நூல்களைப் பயன்படுத்தினர். இரு முனைகளிலும் அதே நூல் இருந்தாலன்றி அச்சொல் வெறும் பிதற்றலே. இரண்டாவது, அவ்வொப்பந்தத்தில் இடம்பெறாத மொழி கம்பியேற முடியாது. மோர்ஸ் முறை உரோமன் எழுத்துக்காக அமைந்தது. பன்னாட்டுத் தந்தியும் அவ்வெழுத்திலேயே சென்றது. சூலியா தெருவின் தமிழ் வணிகர் நாகப்பட்டினத்துக்குச் செய்தி அனுப்ப வேண்டுமாயின், ஆங்கிலத்திலோ உரோமன் எழுத்தில் பெயர்த்த தமிழிலோதான் அனுப்ப இயலும். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து புறப்பட்ட அக்கம்பியில் தமிழெழுத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

எம்டன் கற்பித்த பாடம்

கம்பியை வைத்திருப்பவரே கடலை ஆள்வர் என்பதை முதல் உலகப் போர் மெய்ப்பித்தது. எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டுத் தீ மூட்டியது. அதே கப்பல் அக்டோபர் 28-ஆம் நாள் விடியலில், நான்காவது போலிப் புகைபோக்கி ஒன்றைப் பூண்டு, பினாங்குத் துறைமுகத்துள் புகுந்தது. நங்கூரமிட்டிருந்த செம்சுக் என்னும் உருசியக் கப்பலையும், பின்னர் முஸ்கே என்னும் பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது. கம்பியால் இணைந்த இரு நகரங்களையும் ஒரே கப்பல் நடுங்க வைத்தது. ‘எம்டன்’ என்பது எதற்கும் துணிந்த சூழ்ச்சிக்காரனைக் குறிக்கும் சொல்லாகத் தமிழில் நிலைத்துவிட்டது.

அந்தக் கப்பலின் முடிவு ஒரு தந்தி நிலையத்திலேயே நேர்ந்தது. நவம்பர் 9-ஆம் நாள், கோகோஸ் தீவுக் கூட்டத்தின் டைரக்சன் தீவிலிருந்த கம்பி நிலையத்தையும் கம்பியில்லாத் தந்தி நிலையத்தையும் அழிக்க எம்டன் ஆள்களை இறக்கியது. அவர்கள் கரை சேர்வதற்குள் நிலையத்தார் ‘அயற்கப்பல் வந்துள்ளது’ என்று அறிவித்துவிட்டனர். அச்செய்தி கேட்டு விரைந்த சிட்னி என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் எம்டனைச் சிதைத்தது. தொலைவிலிருந்து ஆளும் ஆற்றல் எங்கே பிறக்கிறதோ, பகையும் அங்கேதான் முதலில் கைவைக்கும்.

முதற்சொல்லின் தடுமாற்றம்

தந்தி மனிதனிடம் கட்டளையைக் கொண்டு சேர்த்தது; பொறியிடமே கட்டளையைக் கொண்டு சேர்க்கும் முயற்சி 1940-இல் நிகழ்ந்தது. செப்டம்பர் 11-ஆம் நாள், அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கூடிய கணித அறிஞர்களின் முன்னிலையில், பெல் ஆய்வுக்கூடத்து ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் ஒரு தொலையச்சுப் பொறியை வைத்தார். அதில் தட்டிய கணக்கு தொலைவழியாக நியூயார்க்கிலிருந்த கணக்கிடும் பொறிக்குச் சென்று, விடையாகத் திரும்பி வந்தது. தொலைவிலிருந்த பொறி ஏவல் கேட்ட முதல் நிகழ்ச்சிகளுள் இது தலையாயது.

1969 அக்டோபர் 29-ஆம் நாள் இரவு மற்றொரு முயற்சி நடந்தது. இணையத்தின் தாய் எனக் கருதப்படும் அர்ப்பாநெட் வலையில், லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்துச் சிக்மா-7 கணினியிலிருந்து, ஸ்டான்போர்டு ஆய்வுக் கழகத்து எஸ்.டி.எஸ்.-940 கணினிக்குள் நுழைய மாணவர் சார்லி கிளைன் முற்பட்டார். இரண்டும் வேறு வேறு அமைப்புடையன. இரண்டன் இயங்குதளங்களும் வேறு. ‘லாகின்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் எல், ஓ ஆகிய இரண்டெழுத்துகள் சென்றன. மூன்றாவது எழுத்தில் மறுமுனைக் கணினி நிலைகுலைந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பின்னரே முழுச்சொல்லும் சென்றது. இணையத்தில் சென்ற முதற்செய்தி வாழ்த்தும் அன்று, வணக்கமும் அன்று. வேறோர் இயங்குதளத்தில் ஓடும் கணினியை இயக்க விடுத்த வேண்டுகோளே அது.

அதே 1969-ஆம் ஆண்டு பினாங்குக்கும் ஒரு திருப்புமுனையாகும். லைட் காலந்தொட்டு வழங்கிவந்த தீர்வையில்லாத் துறைமுக உரிமை அவ்வாண்டு நீக்கப்பட, வேலையின்மை பெருகியது. அவ்வாண்டே முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூவின் காலத்தில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் நிறுவப்பட்டது. பின்னாளில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் எனப் பெயர்பெற்ற பல்கலைக்கழகமும் அவ்வாண்டில் தோன்றியது. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப மண்டலம் எழுந்தது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஒருங்கிணைப்பு ஆலையை அங்கு அமைத்தது. ஈயமும் மிளகும் ஏற்றிய தீவு சில்லுகளை ஏற்றத் தொடங்கியது.

மூன்றாவது மொழி

வேறு வேறு கணினிகள் பெருகிய காலத்தில் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றின் இயல்பையும் கற்க வேண்டுமாயின் அதற்கு முடிவே இராது. பத்துவகை முனையங்களும் பத்துவகைக் கணினிகளும் இருப்பின், நூறுவகை ஏற்பாடு வேண்டும். இச்சிக்கலை டெல்நெட் என்னும் நெறிமுறை அழகுற அவிழ்த்தது. 1983-இல் செம்மைப்படுத்தி வெளியிடப்பட்ட அதன் விதிகளில், ‘வலைக் கற்பனை முனையம்’ என்னும் கருத்து நடுநாயகமாக விளங்குகிறது. உலகில் எங்குமே இல்லாத ஒரு முனையத்தை இரு தரப்பும் உள்ளதாகக் கொள்ளும். ஒவ்வொரு கணினியும் தன் மொழியை அக்கற்பனை முனையத்தின் மொழிக்கு மாற்றும். அதிலிருந்து தன் மொழிக்கு மாற்றிக்கொள்ளும். இதனால் எவரும் தம் இயல்பை விட வேண்டியதில்லை. மலாய், தமிழ், ஹொக்கியன் பேசுவோர் ஒரே சந்தையில் கூடி, எல்லார்க்கும் விளங்கும் சந்தை மலாயில் விலை பேசி, வீடு திரும்பியதும் தத்தம் மொழியிலேயே உரையாடும் பினாங்கு மக்களுக்கு இவ்வேற்பாடு புதியதன்று.

டெல்நெட் எழுத்துகளையே சுமந்தது. திரையில் சாளரங்களும் படங்களும் தோன்றியபோது எழுத்து மட்டும் போதவில்லை. 1984-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய எக்ஸ் சாளர முறை, ஒரு கணினியில் ஓடும் செயலியை வேறொரு கணினியின் திரையில் வரையச் செய்தது. எனினும் வரைவதற்கான கட்டளைகளை இரு முனையும் ஒருசேர அறிந்திருக்க வேண்டியிருந்தது.

இதனை மேலும் எளிமையாக்கினர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் அமைந்திருந்த ஒலிவெட்டி-ஆரக்கிள் ஆய்வுக்கூடத்தார். டிரிஸ்டன் ரிச்சர்ட்சன், குவென்டின் ஸ்டாபோர்டு பிரேசர், கென்னத் வுட், ஆண்டி ஹாப்பர் ஆகியோர் 1998-இல் வி.என்.சி. எனப்படும் முறையை விளக்கி எழுதினர். அதன் அடிப்படை வியக்கத்தக்க அளவுக்கு எளியது. எந்த இயங்குதளமாயினும் திரை என்பது நிறப்புள்ளிகளின் கட்டமே. இயக்கப்படும் கணினி, தன் திரையில் மாறிய செவ்வகப் பகுதியைப் புள்ளிகளாக அனுப்புகிறது. இயக்கும் கணினி அப்புள்ளிகளைக் காட்டுகிறது. மறுதிசையில், அழுத்திய விசையையும் சுட்டியின் இடத்தையும் அனுப்புகிறது. படம் ஒரு திசையில், விசை மறுதிசையில், இவ்வளவே. மறுமுனையில் இருப்பது விண்டோஸா, மேக்கா, லினக்ஸா என்பதை இம்முனை அறிய வேண்டிய தேவையே இல்லை. மென்பொருளை அவர்கள் இலவசமாக வழங்கியமையால் அது உலகெங்கும் பரவியது. ஆய்வுக்கூடம் 2002-இல் மூடப்பட்டது. ஆயினும் 2011-இல் அதன் நெறிமுறை இணைய ஆவணமாக முறைப்படி வெளியிடப்பட்டு, எவரும் பயன்படுத்தத்தக்க பொதுவுடைமையாக நிலைபெற்றது.

மைக்ரோசாப்ட் நிறுவனமும் 1998-இல் தன் தொலைமேசை நெறிமுறையை வெளிக்கொணர்ந்தது. அது புள்ளிகளோடு வரையும் கட்டளைகளையும் அனுப்புவதால், மெதுவான இணைப்பிலும் விரைந்து இயங்கும். விண்டோஸுக்கென அமைந்த அதனையும், பிறர் எழுதிய செயலிகளின் துணையால் லினக்ஸ் கணினியிலிருந்து இயக்க வழி பிறந்தது. 2005-இல் செருமனியில் தோன்றிய டீம்வியூவர் போன்றவை, வலையமைப்பின் நுட்பம் அறியாதவர்க்கும் இவ்வாற்றலை எளிதாக்கின.

மீண்டும் பினாங்குக் கரையில்

இத்தொழில்நுட்பங்கள் யாவும் கம்பியின்றி உயிர்பெறா. மலேசியாவில் 1985-இல் தோன்றிய மைமோஸ் நிறுவனம் 1987-இல் ரங்கோம் வலையால் பல்கலைக்கழகங்களை இணைத்தது. 1990களின் தொடக்கத்தில் அதனின்று வளர்ந்த ஜாரிங் நாட்டை உலக இணையத்தோடு சேர்த்தது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில், ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைக்கும் ஃபிளாக் என்னும் கண்ணாடியிழைக் கடற்கம்பி பினாங்கில் கரையேறியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தியா வழியாக வரும் சேஃப் கம்பி 2002-இல் பினாங்கை முனையாகக் கொண்டு பணி தொடங்கியது. 1870-இல் செம்பு வந்த தீவுக்கே கண்ணாடியும் வந்தது. நீரிணையின் வாயிலில் அமைந்த இருப்பிடமே இரண்டுக்கும் காரணம்.

கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. தொலைவிலுள்ள கணினியை இயக்குவோர்க்கு இவ்வேகமும் ஓர் எல்லையே. தட்டிய விசை போய்ச் சேர்ந்து, அதன் விளைவு படமாகத் திரும்பி வந்தாலன்றி அவர் எதையும் காண இயலாது. கண்டம் கடந்த இணைப்பில் இந்தத் தாமதத்தை விரல் நுனியே உணரும்.

முன்பு கம்பியின் மறுமுனையிலிருந்து வந்த ஆணையைக் கேட்டிருந்த தீவு, இன்று இரு முனையிலும் அமர்ந்திருக்கிறது என்பதே குறிப்பிடத்தக்க மாற்றம். சில்லுகளைப் பொருத்தி அனுப்பிய பாயான் லெப்பாஸ், சில்லுகளை வடிவமைக்கும் பணியையும் மேற்கொண்டது. அத்துறையில் பொறியாளரின் மேசையில் விண்டோஸ் கணினி இருக்க, கனத்த கணக்குகள் தொலைவிலுள்ள லினக்ஸ் கணினிகளில் ஓடுவது வழக்கம். இரண்டையும் பிணைப்பது மேலே சொன்ன நெறிமுறைகளே.

தமிழ் ஏறிய கம்பி

தந்திக் கம்பியில் இடம்பெறாத தமிழ், இப்புதிய கம்பியில் என்ன ஆயிற்று? கணினித் தமிழின் தொடக்கக் காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டைக் கொண்டிருந்தது. ஒரு கணினியில் எழுதிய தமிழ்க் கட்டுரை மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. வணிகரின் குறியீட்டு நூல் இரு முனையிலும் வேறுபட்டால் நேரும் அதே இடர் இதுவாகும். அக்காலத்தில் மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் உருவாக்கிய முரசு மென்பொருளும், 1991-இல் ஒருங்குறித் தொகுப்பில் தமிழ் பெற்ற 128 இடங்களும், 1999-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும் பொது ஒப்பந்தத்தை நோக்கி எடுத்துவைத்த அடிகள் எனலாம்.

தொலைவிலிருந்து இயக்கும்போது இவ்வொப்பந்தத்தின் அருமை நன்கு புலப்படும். திரை புள்ளிகளாக வருவதால், இம்முனையில் தமிழ் எழுத்துரு இல்லாவிடினும் மறுமுனைத் தமிழைப் படிக்கலாம். எழுதுவதில்தான் கவனம் வேண்டும். மறுமுனையில் தமிழ்99 விழித்திருந்தால், இங்கிருந்து செல்லும் ‘எச்’ விசை அங்கே ‘க’ ஆகிறது. இரு முனையிலும் தமிழ் விசைப்பலகையை விழிக்கவைத்தால் குழப்பமே மிஞ்சும். தமிழெழுத்தையே நேராக அனுப்ப வேண்டுமாயின், எழுத்தின் ஒருங்குறி எண்ணைக் கொண்டு விசையைக் குறிக்கும் முறையை இரு செயலிகளும் பின்பற்ற வேண்டும். ஒரு மொழி எங்கும் செல்ல வேண்டுமானால், ஒப்பந்தம் எழுதப்படும் இடத்தில் அம்மொழியார் அமர்ந்திருக்க வேண்டும். 1870-இல் அவ்விருக்கை தமிழர்க்கு இல்லை. ஒரு நூற்றாண்டு கழித்து, சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர் அறிஞர்கள் கூடிப் பேசி அதனைப் பெற்றனர்.

கடிவாளம் யார் கையில்?

எம்டன் கற்பித்த பாடம் கணினிக்கும் பொருந்தும். டெல்நெட் கடவுச்சொல்லை மறைக்காமலே அனுப்பியது. வழியில் ஒட்டுக்கேட்போர் எளிதில் திருடினர். ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் அத்தகைய திருட்டு நேர்ந்தமையால், டாட்டு இலோனன் 1995-இல் செய்தியை மறையாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எச். நெறிமுறையை அமைத்தார். வி.என்.சி.யின் தொடக்க வடிவமும் கடவுச்சொல்லின் முதல் எட்டு எழுத்துகளையே கருதியது, திரைப்படத்தை மறையாக்கவில்லை. ஆகவே, அறிந்தோர் அதனை எஸ்.எஸ்.எச். என்னும் காப்புக் குழாயினுள் செலுத்தியே பயன்படுத்தினர்.

2020 மார்ச்சு 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, அலுவலகக் கணினிகள் பூட்டிய அறைகளில் கிடக்க, பணியாளர் பலர் வீட்டிலிருந்தே அவற்றை இயக்கினர். நுட்பர் ஒருவர் கண்காணாத ஊரிலிருந்து பழுது நீக்கினார். இது நன்மை. ஆனால் அதே கருவி வஞ்சகர் கைக்கும் வந்தது. வங்கி அதிகாரியாகவோ நுட்பராகவோ தம்மைக் கூறிக்கொண்டு தொலைபேசியில் அழைப்போர், ஒரு செயலியை நிறுவச் சொல்லி, எண்ணைக் கேட்டு, கண்முன்னே கணக்கைத் துடைத்தெடுப்பதும் நிகழ்கிறது. பூட்டை உடைக்காமல், உரியவர் கையாலேயே சாவியைப் பெறும் களவு இது. தெரியாதவர் சொல்லி எச்செயலியையும் நிறுவலாகாது. திரையில் தோன்றும் எண்ணைப் பிறர்க்குச் சொல்லலாகாது. பணி முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துச் செயலியையும் மூடிவிடல் வேண்டும். முதியோர்க்கும் மாணவர்க்கும் இவற்றைக் கற்பிப்பது, எழுத்தறிவு கற்பிப்பதற்கு ஒப்பான கடமையாகும்.

கட்டாபெர்ச்சா பூசிய செம்பு முதல் கண்ணாடியிழை வரை, கம்பியின் பொருள் மாறியிருக்கிறது, அடிப்படை மாறவில்லை. வேறுபட்டவை இணைந்து பணியாற்ற ஒன்று மற்றொன்றாக மாறவேண்டியதில்லை. இரண்டும் ஏற்கும் பொதுநெறி ஒன்று போதும். அந்நெறியை வகுப்பதில் பங்கு பெறாதவர், பிறர் வகுத்த எழுத்தில் தம் பெயரை எழுத நேரிடும். இசைவின்றி நீளும் கை ஆட்சியாகும். இசைவோடு நீளும் கையே உதவியாகும். குடியேற்ற நாளில் அவ்விசைவைப் பினாங்கிடம் எவரும் கேட்டதில்லை. இன்று ஒவ்வொரு திரையிலும் அக்கேள்வி தோன்றுகிறது. அதற்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ விடைகூறும் உரிமை, விசைப்பலகையின்முன் அமர்ந்திருப்பவரிடமே உள்ளது.